விண்கலத்தில் நட்சத்திர வரைபடம்: நட்சத்திரத்தைப் பிடிப்பது முதல் சரிபார்ப்பது வரை முழுமையான வழிகாட்டி

கையில் நட்சத்திர வரைபடம் இருந்தால் விண்வெளியில் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தெரியாது. பூமியை விட்டு 3,84,400 கி.மீ. போய் நிலவுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தாலும் ஓரியன் அதே வடிவில்தான் தெரியும். சூரியனுக்கு அடுத்து மிக அருகில் உள்ள நட்சத்திரமான பிராக்சிமா சென்டாரியே அந்தப் பயணத்தில் சுமார் 0.002 ஆர்க் செகண்ட்தான் நகரும். ஒரு டிகிரியில் 3,600 ஆர்க் செகண்ட் என்பதை நினைத்துக்கொண்டால் இது எவ்வளவு அற்பம் என்று புரியும்.

வரைபடம் சொல்வது வேறு: கலத்தின் மூக்கு எந்தத் திசையைப் பார்க்கிறது, கலம் எந்தப் பக்கம் எவ்வளவு உருண்டிருக்கிறது என்பதை. இதைத் திசைநிலை என்று வைத்துக்கொள்வோம். இடத்தை அறிய நட்சத்திரத்தோடு பூமி அல்லது நிலவு போன்ற அருகில் உள்ள ஒரு பொருளும் வேண்டும். அது பின்னால் வருகிறது. இரண்டிலும் கடினமான வேலை நட்சத்திரத்தைக் கண்டுபிடிப்பது அல்ல. கண்ணில் பட்டது நாம் தேடிய நட்சத்திரம் இல்லை என்பதை நேரத்தோடு கண்டுபிடிப்பதுதான். அதனால் கீழே சரிபார்ப்புக்கே அதிக இடம் ஒதுக்கியிருக்கிறது.

வரைபடத்தைத் தயார் செய்தல்

வானத்தின் முகவரிக்கு இரண்டு எண்கள். கிழக்கு நோக்கி 0 முதல் 24 மணி வரை அளப்பது வல ஏற்றம். வான நடுவரையிலிருந்து (பூமியின் நடுவரையை வானத்துக்கு நீட்டிய கோடு) வடக்கே +90, தெற்கே −90 டிகிரி வரை அளப்பது நடுவரை விலக்கம். வல ஏற்றத்தில் ஒரு மணி என்பது நடுவரையில் 15 டிகிரி.

ஒரே தாளில் முழு வானத்தையும் வரைந்தால் ஓரங்கள் இழுபடும். நீள்பட்டையாக வரையும்போது நடுவரை விலக்கம் 60 டிகிரியில் கிழக்கு மேற்கு அளவு இரண்டு மடங்காக விரிந்துவிடும். பழகிய கசியோப்பியாவின் வடிவமே அங்கே மாறிப்போகும். எனவே +60 முதல் −60 வரை ஒரு நீள்பட்டை, வட தென் துருவங்களை மையமாகக் கொண்ட இரண்டு வட்டங்கள் என மூன்றாகப் பிரியுங்கள். துருவ வட்டங்களை 60 டிகிரியோடு நிறுத்தாமல் 40 டிகிரி வரை நீட்டி, பட்டையோடு ஒன்றன்மேல் ஒன்று வரும்படி விடுவது நல்லது. தேடுகிற நட்சத்திரம் இரண்டு தாளின் ஓரத்தில் மாட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கும்.

எவ்வளவு மங்கலான நட்சத்திரம் வரை போடலாம்? பிரகாச எண் 4 வரை போதும் (எண் கூடக் கூட நட்சத்திரம் மங்கல்). வானம் முழுவதுக்குமே சுமார் 500 புள்ளிகள்தான் வரும். 6 வரை போட்டால் ஆயிரக்கணக்கில் ஏறி, வரைபடத்தில் வடிவங்கள் மறைந்துவிடும். புள்ளியின் அளவு பிரகாசத்தைக் காட்டட்டும். வழிகாட்டி நட்சத்திரங்களுக்கு மட்டும் பக்கத்தில் எண்ணும் பெயரும் இருக்கட்டும்.

வண்ணம் சிறு விஷயம்தான், ஆனால் கவிழ்த்துவிடும். இருட்டுக்குப் பழகிய கண்ணைக் கெடுக்காமல் இருக்கச் சிவப்பு விளக்கில்தான் வரைபடத்தைப் பார்ப்போம். சிவப்பு மையில் அச்சிட்ட கோடும் எழுத்தும் அந்த வெளிச்சத்தில் வெள்ளைத் தாளோடு கலந்து காணாமல் போகும். கறுப்பும் அடர்நீலமும் மட்டும் பயன்படுத்துங்கள்.

எந்த ஆண்டுக்கான கட்டம் என்பதை ஓரத்தில் எழுதுங்கள். பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் இந்தக் கட்டம் ஆண்டுக்குச் சுமார் 50.3 ஆர்க் செகண்ட் நகர்கிறது. 2000-ம் ஆண்டுக் கட்டத்தை 25 ஆண்டு கழித்து எடுத்து, புதிய கட்டத்தில் கணக்கிட்ட எண்களோடு கலந்தால் சுமார் 0.35 டிகிரி பிழை. நகர்வது கட்டம்தான், இரண்டு நட்சத்திரங்களுக்கு இடையிலான கோணம் இதனால் மாறாது. கோணத்தை வைத்துச் சரிபார்ப்பதை நம்பலாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடைசியாக, அந்தப் பயண நாளுக்கான சூரியன், நிலவு, கோள்களைப் பென்சிலால் குறியுங்கள். சூரியன் மார்ச் 20 வாக்கில் 0 மணியிலும், ஜூன் 21 வாக்கில் 6 மணி +23.4 டிகிரியிலும், டிசம்பர் 21 வாக்கில் 18 மணி −23.4 டிகிரியிலும் இருக்கும். நாளுக்குச் சுமார் 1 டிகிரி நகரும். அதைச் சுற்றி 30 டிகிரி ஆரத்தில் ஒரு வட்டம் போட்டு, உள்ளே இருப்பவற்றை அடித்துவிடுங்கள். நிலவை நோக்கிப் போகும் கலத்துக்கு, பூமியிலிருந்து பார்ப்போருக்கான பஞ்சாங்க நிலவு இடம் உதவாது. கலத்திலிருந்து அது எங்கே தெரியும் என்று தனியே கணக்கிட வேண்டும். கோள்களைக் குறிக்காமல் விடவே கூடாது. தரையில் மினுக்கினால் நட்சத்திரம், மினுக்காவிட்டால் கோள் என்று ஒரு சுலபமான வழி உண்டு. காற்று இல்லாத இடத்தில் எதுவுமே மினுக்காது.

அப்பல்லோவின் 37

இந்த முறைக்கு நன்றாகப் பதிவான முன்மாதிரி, நிலவுக்கு மனிதரை அனுப்பிய அமெரிக்காவின் அப்பல்லோ. அதன் கணினிக்குள் 37 நட்சத்திரங்களின் இடம் பதிந்திருந்தது. வானம் முழுக்கப் பரவி, எந்தப் பக்கம் திரும்பினாலும் சில கிடைக்கும்படி தேர்ந்தவை. எண்கள் எட்டடி முறையில் 01 முதல் 45 வரை: 11 அல்டெபரான் (ரோகிணி), 12 ரைஜல், 14 கனோபஸ், 15 சிரியஸ், 22 ரெகுலஸ் (மகம்), 26 ஸ்பைகா (சித்திரை), 31 ஆர்க்டரஸ் (சுவாதி), 33 அன்டாரெஸ் (கேட்டை), 36 வேகா, 40 ஆல்டேர் (திருவோணம்), 43 டெனெப், 45 ஃபோமல்ஹாட். சூரியனுக்கு 46, பூமிக்கு 47, நிலவுக்கு 50. கோள் என்றால் 00 போட்டு அதன் திசையைத் தனியே ஊட்ட வேண்டும். எட்டடி முறையில் 8, 9 என்ற இலக்கங்களே கிடையாது. 07-க்கு அடுத்தது 10. பழகாதவர் 08 என்று அழுத்தப் போவது இங்கேதான்.

பட்டியலில் மூன்று பெயர்கள் விசித்திரமாக இருக்கும்: 03 நாவி, 17 ரெகோர், 20 ட்னோசெஸ். 1967 ஜனவரியில் அப்பல்லோ 1 தீ விபத்தில் இறந்த மூவரின் பெயர்களைத் திருப்பி எழுதியவை இவை. நாவி கஸ் கிரிஸமின் நடுப்பெயரான இவான். ரெகோர் ரோஜர் சாஃபி. ட்னோசெஸ் 'இரண்டாம்' எட்வர்ட் ஒயிட் என்பதில் உள்ள ஆங்கில 'செகண்ட்'. நாவியைப் பிடிப்பது எளிது. கசியோப்பியாவின் நடுப்புள்ளி அதுதான்.

பட்டியலில் இல்லாதவை எவை என்பதும் மனப்பாடம் ஆகியிருக்க வேண்டும். திருவாதிரையும் போலக்ஸும் ஆல்ஃபா சென்டாரியும் நல்ல பிரகாசம். ஆனால் எண் கிடையாது. ஓரியனிலிருந்து ரைஜல் மட்டுமே. திருவாதிரையைக் குறிவைத்துவிட்டு 12 என்று அழுத்தினால் கணினி மறுப்பு சொல்லாது. இரண்டாவது நட்சத்திரம் வரும்வரை அதற்கு எதுவும் தெரியாது.

பார்க்கும் முன்

அறை விளக்குகளை அணைத்து 20 முதல் 30 நிமிடம் கண்ணை இருட்டுக்குப் பழக்குங்கள். நடுவில் ஒருமுறை பூமியின் பகல் பக்கத்தை எட்டிப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. பூமிக்கு அருகிலேயே சுற்றும் தாழ்சுற்றில் ஒரு சுற்றுக்குச் சுமார் 92 நிமிடம், அதில் இருட்டு ஏறத்தாழ 35 நிமிடம். கண் பழகக் காத்திருந்தால் பாதிக்கு மேல் போய்விடும். அதனால் சூரியன் மறைவதற்கு முன்பே ஒரு கண்ணை மூடி வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஏற்றது.

400 கி.மீ. உயரத்தில் பூமி வானத்தில் மூன்றில் ஒரு பங்கை மறைக்கும். அடிவானம் கிடைமட்டத்துக்கு 20 டிகிரி கீழே இறங்கியிருக்கும். பூமியையே பார்த்தபடி சுற்றும் கலத்தின் ஜன்னலில் நட்சத்திரங்கள் நிமிடத்துக்கு ஏறக்குறைய 4 டிகிரி ஓடும். முடிந்தால் அளவெடுக்கும் நேரத்துக்குக் கலத்தை நட்சத்திரங்களைப் பொறுத்து அசையாமல் நிறுத்துங்கள்.

கழிவுநீரை வெளியேற்றிய உடனே அளவெடுக்க உட்காராதீர்கள். வெளியே உறைந்த துகள்கள் சூரிய ஒளியில் மின்னி ஆயிரம் பொய் நட்சத்திரங்களை உண்டாக்கும். 1962-ல் அமெரிக்க வீரர் ஜான் கிளென் கலத்தைச் சுற்றிப் பார்த்த 'மின்மினிகள்' இந்த இனம்தான். அடுத்துப் போன ஸ்காட் கார்பென்டர் கலத்தின் சுவரைத் தட்டியபோது அவை உதிர்ந்து பறந்தன; கலத்தின் மேல் படிந்த உறைபனி என்று தெரிந்தது. துகளை அடையாளம் காண ஒரே வழி பொறுமை: சில நொடி உற்றுப் பாருங்கள். நட்சத்திரங்கள் எல்லாம் சேர்ந்து ஒரே வீதத்தில் நகரும்; துகள் தன் போக்கில் போகும்.

நட்சத்திரத்தைப் பிடித்தல்

முதலில் பெரிய வடிவம், பிறகு அதிலிருந்து தாவல். வடக்கு மேலே இருக்க வேண்டும் என்ற பழக்கத்தை மறந்துவிடுங்கள். வானத்தில் உள்ள வடிவத்தோடு பொருந்தும்வரை தாளைச் சுழற்றுங்கள். ஒன்று மட்டும் மாறாது: வான வரைபடத்தில் வடக்கு மேலே என்றால் கிழக்கு இடது பக்கம். நிலப்பட வழக்கத்தில் கிழக்கை வலப்பக்கம் தேடினால் எந்தக் கோணத்தில் சுழற்றினாலும் வடிவம் பொருந்தாது.

சில தாவல்கள் எப்போதும் கை கொடுக்கும். சப்தரிஷி மண்டலத்தின் வாலில் கடைசி நட்சத்திரம் அல்கைட் (27). அதன் வளைவை அப்படியே நீட்டினால் ஆர்க்டரஸ், இன்னும் நீட்டினால் ஸ்பைகா. ஓரியனின் இடுப்புப் பட்டை மூன்றையும் இணைத்து ஒரு பக்கம் நீட்டினால் சிரியஸ், மறுபக்கம் அல்டெபரான். தரையில் வடக்கே வசிப்பவர்களுக்குத் தென்வானம் பழகியிருக்காது. கனோபஸ், அகெர்னார், ஏட்ரியா, பீகாக் ஆகியவற்றை வரைபடத்தைப் பார்க்காமலே காட்டும் அளவுக்குப் பயிற்சி வேண்டும். அமெரிக்க விண்வெளி வீரர்கள் இதற்காகவே வட கரோலினாவின் சாப்பல் ஹில் நகரில் உள்ள மோர்ஹெட் கோளரங்கத்தில் உட்கார்ந்து படித்தார்கள்.

அப்பல்லோ கட்டளைக் கலத்தில் இரண்டு கருவிகள். பெரிதாக்காமல் 60 டிகிரி அகலத்தைக் காட்டும் தேடு தொலைநோக்கி ஒன்று. 28 மடங்கு பெரிதாக்கி வெறும் 1.8 டிகிரியைக் காட்டும், கோணம் அளக்கும் கருவியான செக்ஸ்டன்ட் மற்றொன்று. முதலாவதில் வடிவத்தைப் பார்த்து இரண்டாவதில் துல்லியமாகக் குறிப்பது திட்டம். பூமிக்கும் நிலவுக்கும் நடுவில் போகும்போது இது சரிவரவில்லை. அங்கே எப்போதும் வெயில். கலத்தின் மேலும் முன்னால் இணைந்த, நிலவில் இறங்கும் நிலவுக் கலத்தின் மேலும் பட்டுச் சிதறும் ஒளி, அகன்ற தொலைநோக்கியில் நட்சத்திரங்களைக் கழுவிவிடும். செக்ஸ்டன்டில் நட்சத்திரம் தெரியும், ஆனால் 1.8 டிகிரிக்குள் எந்த நட்சத்திரக் கூட்டமும் அடங்காது. தெரிகிற ஒற்றைப் புள்ளி எது என்று எப்படிச் சொல்வது? முந்தைய திசைநிலை ஓரளவுக்குச் சரியாக இருந்தால் கணினியே செக்ஸ்டன்டை அந்த நட்சத்திரத்தின் மேல் திருப்பிக் கொடுக்கும். அதனால்தான் திசைநிலையை அடியோடு இழக்காமல் பார்த்துக்கொள்வது அவ்வளவு முக்கியம்.

இரண்டு நட்சத்திரம், ஒரு கோணம்

ஒரு நட்சத்திரம் போதாது. அதை மையமாக வைத்துக் கலம் எந்தப் பக்கமும் உருண்டிருக்கலாம். இரண்டாவது அந்த உருளலைக் கட்டும். இரண்டுக்கும் இடையே 90 டிகிரிக்குப் பக்கத்தில் இருந்தால் உத்தமம். 30-க்குக் கீழே இறங்காதீர்கள். 30 டிகிரி இடைவெளியில் உருளலின் பிழை இரட்டிப்பாகும், 10 டிகிரியில் ஆறு மடங்கு ஆகும். 180-க்கு அருகே, அதாவது நேரெதிரே இருந்தாலும் அதே கெடுதல்.

சரிபார்ப்பு: அளந்த இரண்டு திசைகளுக்கு இடையிலான கோணத்தை, பட்டியலில் உள்ள கோணத்தோடு ஒப்பிட வேண்டும். கையோடு வைத்துக்கொள்ளச் சில:

ரைஜல் – சிரியஸ்: 23.7 டிகிரி
சிரியஸ் – கனோபஸ்: 36.2
கனோபஸ் – அகெர்னார்: 39.4
ஆர்க்டரஸ் – ஸ்பைகா: 32.8
வேகா – ஆல்டேர்: 34.2
வேகா – டெனெப்: 23.9
டெனெப் – ஆல்டேர்: 38.0

ரைஜல்–சிரியஸ், வேகா–டெனெப் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே என்பதைக் கவனியுங்கள். கைவிரல் கணக்கில் இரண்டும் 24 டிகிரி. தோராயமாக அளந்தால் ஒன்று மற்றொன்றாக வேஷம் போடும். பத்தில் ஒரு பங்கு டிகிரி வரை அளந்தால்தான் பிரியும். இன்னொரு ஓட்டை இதைவிட மோசம். இரண்டு நட்சத்திரங்களும் சரி, ஆனால் எண்களை மாற்றிப் போட்டுவிட்டீர்கள்: முதலாவதான ரைஜலுக்கு 15, இரண்டாவதான சிரியஸுக்கு 12. கோணம் அப்போதும் அச்சாகப் பொருந்தும், திசைநிலையோ தலைகீழாகத் தப்பு. கோண ஒப்பீடு இதைப் பிடிக்கவே பிடிக்காது. பிடிப்பது மூன்றாவது நட்சத்திரம் மட்டும். கணக்கு முடிந்ததும் முற்றிலும் வேறு பக்கம் உள்ள மூன்றாவது ஒன்றை நோக்கிக் கருவியைத் திருப்பச் சொல்லுங்கள். அது குறுக்குக்கோட்டில் வந்து நிற்க வேண்டும்.

குறித்தலும் மேடையைச் சீராக்கலும்

கலத்துக்குள் ஜைரோஸ்கோப்கள் அசையாமல் பிடித்து வைத்திருக்கும் மேடை ஒன்று உண்டு. கலம் எப்படித் திரும்பினாலும் அது திரும்பாது. அதோடு ஒப்பிட்டுத்தான் திசைநிலை தெரியும். ஆனால் ஜைரோக்கள் மெல்ல நழுவும். அப்பல்லோவில் இதை அளக்கும் அலகு பூமியின் சுழற்சி வேகத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது மணிக்கு 0.015 டிகிரி. ஒரே ஒரு அலகு நழுவினாலும் ஒரு நாளில் 0.36 டிகிரி. அதைத் துடைக்கத்தான் நட்சத்திரம் பார்ப்பது.

கட்டளைக் கலத்தில் பி52 என்ற நிரல் இதைச் செய்யும். வரிசை இப்படி:

1. வெர்ப் (கணினி செய்ய வேண்டிய செயலின் எண்) 37, என்டர், 52, என்டர் அழுத்தி நிரலைத் தொடங்குதல்.
2. எந்தக் குறிப்புத்திசைக்கு மேடையைச் சீராக்குவது என்று தேர்தல். ஏற்கனவே உள்ளதற்கே என்றால் தேர்வு 3.
3. நட்சத்திரச் சோடியைக் கணினியே தேர்ந்து தர விடலாம், அல்லது எண்ணைத் தானே கொடுக்கலாம். கொடுக்கும் முன் வரைபடத்தில் அந்த எண்ணை விரலால் தொட்டுப் பார்க்கும் பழக்கம் நல்லது.
4. கருவி திரும்பி நின்றதும், நட்சத்திரத்தைக் குறுக்குக்கோட்டின் நடுவே கொண்டுவந்து, நிலைத்த பிறகு மார்க் பொத்தான். சந்தேகம் வந்தால் குறித்ததைக் கைவிடும் மார்க் ரிஜெக்ட், வெட்கப்பட ஒன்றுமில்லை.
5. இரண்டாவதுக்கும் அதேபோல்.
6. திரையில் நவுன் (காட்டப்படும் தகவலின் எண்) 05: அளந்த கோணத்துக்கும் உண்மைக் கோணத்துக்கும் வித்தியாசம், நூறில் ஒரு பங்கு டிகிரி அலகில். எல்லாம் சுழி என்றால் அருமை. 00001 என்றாலும் சரி. பெரிய எண் வந்தால் தொடராதீர்கள்.
7. நவுன் 93: மேடையை மூன்று அச்சிலும் எவ்வளவு திருப்பப் போகிறது என்பது, ஆயிரத்தில் ஒரு பங்கு டிகிரியில். இதைக் கடைசிச் சீராக்கலிலிருந்து கடந்த மணிநேரத்தால் வகுத்துப் பார்த்தால் ஜைரோவின் நழுவல் வேகம். முந்தைய நாள்களோடு ஒத்துப்போகாவிட்டால் ஒன்று ஜைரோவில் கோளாறு, இல்லை தவறான நட்சத்திரம்.
8. ஒப்புக்கொண்டால் புரொசீட். பிறகு மூன்றாவது நட்சத்திரம்.

மேடை முழுவதுமாகத் திசை இழந்துவிட்டால் பி51 என்ற நிரல். இங்கே கணினி கருவியைத் திருப்பித் தராது. வரைபடத்தையும் கண்ணையும் நம்பி நீங்களே பிடிக்க வேண்டும். 1969 நவம்பர் 14-ல் ஏறும்போது மின்னல் தாக்கி மேடையை இழந்த அப்பல்லோ 12, பூமிச் சுற்றின் இருட்டுப் பக்கத்தில் நட்சத்திரம் பிடித்துத்தான் அதை மீட்டது.

நிலவுக் கலத்தில் செக்ஸ்டன்ட் இல்லை. 60 டிகிரி அகலமுள்ள, பெரிதாக்காத ஒரு தொலைநோக்கி, 60 டிகிரி இடைவெளியில் ஆறு நிலைகளில் திரும்பி நிற்கும். பறக்கும்போது நட்சத்திரம் ஒவ்வொரு கோட்டையும் கடக்கும் கணத்தில் பொத்தானை அழுத்துவார்கள். நிலவில் இறங்கி நின்றபின் எதுவும் நகராது. எனவே கண்ணாடியில் வரைந்த நேர்கோட்டை நட்சத்திரத்தின் மேல் பொருந்தும்வரை சுழற்றி எண்ணைப் படித்து, பிறகு சுருள்கோட்டைப் பொருத்தி இன்னொரு எண்ணைப் படித்து, இரண்டையும் கணினியில் அடிப்பார்கள். தரையில் நிற்பதில் ஒரு சலுகையும் உண்டு: ஈர்ப்பின் திசை தெரியுமாதலால் ஒரே நட்சத்திரம் போதும்.

எங்கே சறுக்கும்

1968 டிசம்பரில் அப்பல்லோ 8 திரும்பி வரும் வழியில் அதன் வீரர் ஜிம் லவல் நட்சத்திரம் 01 என்று கொடுக்க நினைத்து, நிரல் 01 என்று கொடுத்துவிட்டார். அது ஏவுதளத்தில் இருக்கும்போது ஓட வேண்டிய நிரல். கலம் தரையில் நிற்கிறது என்று கணினி எண்ணிக்கொண்டது; திசைநிலை போயிற்று. ரைஜலையும் சிரியஸையும் பிடித்து அவர் அதை மீட்டார். அந்தச் சோடியின் இடைவெளி 23.7 டிகிரி. மேலே சொன்ன 30-க்கும் கீழே. ஆனால் இரண்டும் சந்தேகத்துக்கு இடமில்லாதவை. எல்லாம் தொலைந்த நேரத்தில் நல்ல கோணத்தைவிட ஐயமற்ற அடையாளம்தான் முதலில். பிறகு அகன்ற சோடியை வைத்துத் திருத்திக்கொள்ளலாம்.

1970 ஏப்ரலில் அப்பல்லோ 13-ல் ஆக்சிஜன் தொட்டி வெடித்த பிறகு கலத்தைச் சுற்றிச் சிதறல்கள். நட்சத்திரம் எது, துண்டு எது என்றே பிரிக்க முடியவில்லை. லவல் கட்டளைக் கலத்தின் மேடைக் கோணங்களைக் காகிதத்தில் கணக்கிட்டு நிலவுக் கலத்துக்கு மாற்றினார். கூட்டல் கழித்தலைத் தரையில் இருந்தவர்கள் சரிபார்த்தார்கள். பிறகு அந்த மேடை இன்னும் சரியா என்று பார்க்கச் சூரியனையே நட்சத்திரமாக எடுத்துக்கொண்டார்கள். அரை டிகிரி அகலமுள்ள பொருளை வைத்து நுட்பமான சீராக்கல் கிடைக்காது. அங்கே தேவைப்பட்டது 1 டிகிரிக்குள் இருக்கிறதா என்ற கேள்விக்கு விடை மட்டும்தான், அது கிடைத்தது.

ஜன்னல் வழியாகக் கையில் பிடிக்கும் செக்ஸ்டன்டில் அளப்பவர்கள் அதிகம் கவனிக்காதது கண்ணாடியை. வெளியே வெற்றிடம், உள்ளே காற்று. சாதாரணத் தரைமட்ட அழுத்தம் உள்ள அறையில், கண்ணாடிக்கு 45 டிகிரி சாய்வாக வரும் ஒளி சுமார் 60 ஆர்க் செகண்ட் வளையும். செங்குத்தாகப் பார்த்தால் வளைவே இல்லை. முடிந்தவரை ஜன்னலுக்கு நேராகப் பாருங்கள். முடியாவிட்டால் சாய்வைக் குறித்து வைத்துத் திருத்துங்கள்.

இடத்தை அறிதல்

நட்சத்திரத்துக்கும் பூமிக்கும் இடையிலான கோணத்தை அளந்தால், அந்தக் கோணம் தெரியக்கூடிய இடங்கள் எல்லாம் பூமியை உச்சியாகக் கொண்ட ஒரு கூம்பின் மேல் இருக்கும். கலம் அந்தக் கூம்பில் எங்கோ. இன்னொரு நட்சத்திரத்தோடு அளந்தால் இன்னொரு கூம்பு; இரண்டும் வெட்டும் இரு கோடுகளில் ஒன்றில் கலம் இருக்கிறது. மற்றொரு கோடு பெரும்பாலும் பாதையை விட்டு வெகுதூரம் தள்ளி இருப்பதால் தானே விலகிவிடும். அந்தக் கோட்டின் மேல் எவ்வளவு தூரத்தில் என்பதற்குப் பூமியின் தோற்ற அகலத்தை அளக்கலாமே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 3,00,000 கி.மீ. தூரத்தில் 10 ஆர்க் செகண்ட் பிழை பக்கவாட்டில் 14.5 கி.மீ. மட்டும். அதே பிழை, 2.4 டிகிரி அகலமாகத் தெரியும் பூமியின் விட்டத்தை அளப்பதில் வந்தால் தூரம் சுமார் 340 கி.மீ. தவறிவிடும். அதனால் தூரத்துக்கு நட்சத்திரம்–நிலவு கோணத்தை எடுப்பதே மேல்.

அப்பல்லோவில் இதற்குப் பி23 என்ற நிரல். தொடங்கும் முன் செக்ஸ்டன்டின் இரு பார்வைக் கோடுகளையும் ஒரே நட்சத்திரத்தில் பொருத்திச் சுழியைச் சரிசெய்ய வேண்டும். தவிர்த்தால் எல்லா அளவிலும் ஒரே பிழை ஒட்டிக்கொள்ளும். பிறகு நட்சத்திரத்தின் பிம்பத்தைப் பூமி அல்லது நிலவின் ஒளிவிளிம்பில் உட்காரவைத்துக் குறிக்க வேண்டும். நிலவின் விளிம்பு கத்தி போல. பூமியின் விளிம்பு காற்றால் மங்கல். காற்றின் எந்த உயரத்தை 'விளிம்பு' என்று உங்கள் கண் எடுத்துக்கொள்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். எது என்பதைவிட, ஒவ்வொரு முறையும் அதே உயரத்தை எடுப்பதுதான் முக்கியம். மாறாத பிழையைக் கணக்கில் கழித்துவிடலாம். வழக்கமான பயணத்தில் இடத்தைத் தரையிலிருந்து ரேடியோ வழியாகத்தான் கணித்தார்கள். கலத்துக்குள் செய்த இந்த அளவீடு, தொடர்பு அறுந்தால் வீடு திரும்ப.

இன்றைய வரைபடம்

இன்று வரைபடம் ஸ்டார் டிராக்கர் என்ற கேமராவின் நினைவகத்தில் இருக்கிறது. 1989 முதல் 1993 வரை இயங்கிய ஹிப்பார்கோஸ் செயற்கைக்கோள் அளந்த 1,18,218 நட்சத்திரங்களின் பட்டியல் இவற்றுக்கு முக்கிய ஆதாரங்களில் ஒன்று. படம் எடுத்து, பிரகாசமான புள்ளிகளுக்கு இடையிலான கோணங்களை அளந்து, முக்கோணங்களாகப் பட்டியலில் தேடும். மேலே சொன்ன அதே கோண ஒப்பீடுதான். முக்கோணத்துக்கு மூன்று பக்கம் இருப்பதால், எண் மாற்றிப் போடும் ஓட்டையும் பெரும்பாலும் அடைபடும். கேமரா பார்க்கும் திசையில் சில ஆர்க் செகண்ட் துல்லியம் கிடைத்தாலும் அந்தத் திசையைச் சுற்றிய உருளலில் துல்லியம் பல மடங்கு குறைவு. அதனால் வேறு வேறு பக்கம் பார்க்கும் இரண்டைப் பொருத்துவார்கள்.

இயந்திரமும் ஏமாறும். 1964-ல் செவ்வாய்க்குக் கிளம்பிய மரைனர் 4, கனோபஸைப் பிடித்துப் போக வேண்டிய உணரியோடு போனது. பக்கத்தில் மிதந்த தூசுத் துகள்களைப் பார்த்து அடிக்கடி தடம் மாறியது. சூரியன், நிலவின் ஒளி உள்ளே நுழைவதும், கதிர்வீச்சு உணரியில் பொய்ப் புள்ளிகளை உண்டாக்குவதும் இன்றைக்கும் உள்ள தொல்லைகள். கண்ணும் கையும் முழுக்க ஓய்வு பெற்றுவிடவில்லை: 2018-ல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் வீரர் அலெக்சாண்டர் கெர்ஸ்ட் கையில் பிடிக்கும் செக்ஸ்டன்டை வைத்து, ஓரியன் என்றே பெயரிட்ட நாசாவின் கலத்துக்கு அவசர கால மாற்றாக உதவுமா என்ற சோதனையில் அளவுகள் எடுத்தார்.

தரையிலேயே பழக

ஸ்டெல்லேரியம் மென்பொருளில் தரையையும் காற்றுமண்டலத்தையும் அணைத்து, கூட்டங்களின் கோடுகளையும் பெயர்களையும் மறைத்து, பார்வை அகலத்தை 60 டிகிரியில் வையுங்கள். கண்ணை மூடி மவுஸால் வானத்தை எங்காவது இழுத்துவிட்டுத் திறந்து, தாளில் உள்ள வரைபடத்தை மட்டும் வைத்து இரண்டு வழிகாட்டி நட்சத்திரங்களைப் பிடியுங்கள். அவற்றின் இடைக்கோணத்தைக் கோணம் அளக்கும் வசதியால் அளந்து மேலுள்ள பட்டியலோடு ஒப்பிடுங்கள். அதன் பிறகே பெயர்களைத் திறக்க வேண்டும். கைவந்ததும் அகலத்தை 30-க்குக் குறையுங்கள்.

செக்ஸ்டன்டின் குறுகிய பார்வை எப்படி என்று உணர 30 செ.மீ. நீளக் குழாய் ஒன்று போதும். கண் வைக்கும் முனையில் சிறு துளை. மறுமுனையை அட்டையால் மூடி நடுவில் 9.5 மி.மீ. துளை. இது சுமார் 1.8 டிகிரி. இதன் வழியே முதலில் வேகாவையும் பிறகு ஆர்க்டரஸையும் பார்த்து, எது எது என்று நிறத்தை வைத்துச் சொல்ல முயலுங்கள். வேகா நீலம் கலந்த வெள்ளை, ஆர்க்டரஸ் ஆரஞ்சு. அடுத்து வேகாவையும் சிரியஸையும் அதேபோல் முயலுங்கள். இரண்டும் வெள்ளை, குழாயை எடுக்காமல் பிரிக்க முடியாது.

கணினி விசைகளின் வரிசை பழக அப்பல்லோ கணினியைப் போலவே இயங்கும் விர்ச்சுவல் ஏஜிசி என்ற இலவச மென்பொருளில் அப்பல்லோவின் அசல் நிரல்களையே ஓட்டலாம். எட்டடி எண்கள் விரலில் ஏறும்வரை 37 நட்சத்திரங்களையும் எண்ணோடு எழுதிப் பழகுங்கள், 07-க்கு அடுத்து 10, 17-க்கு அடுத்து 20, 37-க்கு அடுத்து 40.